கேட்காத ஐந்து கேள்விகள்

மாமா,

இன்று காலை எங்கள் சி.டி. ஸ்கேன் அறைக்குள் நீலகிரித் தைல வாசனைதான் முதலில் வந்தது. ஆள் அதற்குப் பின்னால் மெதுவாக வந்தார். எழுபது வயதிருக்கும். மாரிக்குப்பத்துக்காரர், உங்களைப் போலவே தங்கச் சுரங்கத்தில் இறங்கியவர். சட்டைப் பையில் சின்னப் பாட்டில் துருத்திக்கொண்டிருந்தது. நீங்கள் எங்கள் வீட்டுக்கு வரும்போதும் அப்படித்தான். படியேறும் முன்னாலேயே வாசனை வந்துவிடும். "அப்பா வந்துட்டாரு" என்று கௌதமி டீக்குத் தண்ணீர் வைப்பாள்.

"மூச்சு கீச்சு வாங்குதா பெரியவரே?" என்று கேட்டேன்.

"இல்லப்பா. நல்லாக்கீறேன்."

நெஞ்சு முழுக்கத் தைலம் தேய்த்துக்கொண்டு வந்த மனிதர் சொல்கிற பதில். படிவத்தை வாங்கிப் பார்த்தேன். ரம்யா எழுதியிருந்தாள். எனக்கு ஜூனியர், இரண்டு வருடமாக எங்களோடு இருக்கிறாள். படிவத்தில் ஒன்பது கேள்வி. முதல் நான்குக்கு 'இல்லை' கட்டத்தில் தனித்தனி டிக். மீதி ஐந்துக்கும் மேலிருந்து கீழே ஒரே கோடு.

"இது இன்னா ரம்யா?"

"எல்லாரும் இல்லன்னுதானேண்ணா சொல்றாங்க. மொத வாரமே நீங்கதானே காட்டிக் குடுத்தீங்க, இப்டிப் போட்டா டைம் மிச்சம்னு."

மீதி ஐந்தையும் அந்தப் பெரியவரிடம் நானே கேட்டு எழுதினேன். நீங்கள் போய் ஐந்து மாதம் ஆகிறது. உங்களுக்கு எழுத வேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. எனக்கு அந்த வழக்கமும் கிடையாது. அந்தக் கோட்டைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

போன வருடம் மழைக்காலத்தில் நீங்கள் ஸ்கேனுக்கு வந்தீர்கள். இருமல் நிற்கவில்லை, எக்ஸ்ரேயில் வலது பக்கம் ஒரு கட்டி போலத் தெரிந்தது. மருந்து ஏற்றி ஸ்கேன் எடுத்துப் பாருங்கள் என்று நெஞ்சு டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். "எங்க ஆஸ்பத்திரியிலேயே எடுத்துடலாம், நான் இருக்கேன்" என்று சொன்னது நான்தான். உங்களுக்கு அதில் கொஞ்சம் பெருமை. வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களிடமெல்லாம், "உள்ள கீறவரு நம்ம மாப்ளதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

அன்றைக்கு உங்களுக்கு நான் எதையும் ஒழுங்காக விளக்கவில்லை. இப்போது விளக்குகிறேன். அந்த மருந்தில் அயோடின் இருக்கிறது. ரத்தத்தில் கலந்து ஓடும்போது ரத்தக் குழாய்களும் கட்டிகளும் படத்தில் பளிச்சென்று பிரிந்து தெரியும். பெரும்பாலோருக்கு அது ஒன்றும் செய்யாது. சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, உடம்பு தடிக்கும், தொண்டை இறுகும். யாருக்கு அப்படி ஆகும் என்று காட்டிக்கொடுக்க நம்பகமான சோதனை எதுவும் கிடையாது. ஆளிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆஸ்துமா உண்டா, அலர்ஜி உண்டா, சர்க்கரைக்கு என்ன மாத்திரை, கிட்னி எப்படி என்று வரிசையாகப் போகும். எட்டாவது கேள்விதான் எல்லாவற்றையும்விட முக்கியம்: இதற்கு முன் இந்த மாதிரி மருந்து ஏற்றியபோது ஏதாவது ஆனதா? 'ஆமாம்' என்று வந்தால் ஸ்கேனைத் தள்ளிவைப்போம். முந்தின நாளே மாத்திரை ஆரம்பிப்போம், அல்லது மருந்தே இல்லாமல் எடுப்போம். அவ்வளவுதான் விஷயம். கேட்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

அன்று உங்களுக்குப் பின்னால் ஏழு பேர். நான் நின்றுகொண்டே கேட்டேன்.

"நாலு மணி நேரமா ஒன்னும் சாப்பிடலையே?"

"டீ சாப்பாட்டுல சேருமா மாப்ள?"

"எப்போ குடிச்சீங்க?"

"கோரமண்டல் ஸ்டேஷன்ல, பால் வண்டி வர்றப்போ."

அது விடிகாலை. பரவாயில்லை என்று, கழுத்தில் இருந்த கறுப்புக் கயிற்றைக் கழற்றச் சொன்னேன். அதில் புத்தர் டாலர் இருந்தது. உலோகம் இருந்தால் படத்தில் கோடு விழும். வெளியே பெஞ்சில் இருந்த கௌதமியிடம் அதைக் கொடுத்துவிட்டு வந்தேன். "ஆள உள்ள இட்டுகினு புத்தர வெளிய உக்கார வெச்சிட்டீங்களே" என்றீர்கள். மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் சூடு பரவும், மூத்திரம் போய்விட்ட மாதிரி இருக்கும், ஆனால் போயிருக்காது, பயப்படாதீர்கள் என்றேன். மாமனாரிடம் சொல்லக் கூச்சமாகத்தான் இருந்தது. அதனால் இன்னும் வேகமாகச் சொன்னேன். "இத்தயெல்லாம் மாப்ள வாயால கேக்கணும்னு எழுதிக்கீது. சொரங்கத்துல நூறாவது லெவல் சூட்டையே பாத்தவன் மாப்ள நானு, ஏத்துங்க" என்றீர்கள். நர்ஸ் சிஸ்டர் சிரித்துவிட்டார்.

பிறகு படிவம். ஆஸ்துமா? இல்ல. அலர்ஜி? இல்ல. சர்க்கரை? இல்ல. கிட்னி? இல்ல, நல்லாக்கீறேன். நாலு 'இல்ல' தொடர்ந்து வந்தது. மீதி ஐந்துக்கும் பேனாவை ஒரே இழுப்பாக இழுத்தேன்.

ஏன் இழுத்தேன் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இந்த ஊர் ஆண்களிடம் டாக்டர் கேள்வி கேட்டால் என்ன பதில் வரும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். மைனில் மெடிக்கல் செக்கப் வரும். நெஞ்சில் சத்தம், காதில் மந்தம் என்று ஏதாவது ஒப்புக்கொண்டால் 'அன்ஃபிட்' என்று எழுதி மேலே உட்கார வைத்துவிடுவார்கள். அதனால் எல்லாவற்றுக்கும் 'இல்ல'. சுரங்கம் மூடி இத்தனை வருடம் ஆகியும் அந்த 'இல்ல' மட்டும் மூடவில்லை. 'இல்ல'தான் வரும் என்று தெரிந்தால் எதற்குக் கேட்பது? என் கணக்கு அவ்வளவு எளிமையாக இருந்தது.

முழங்கை மடிப்பில் சிஸ்டர் ஊசிக்குழாய் போட்டார். உப்புத் தண்ணீர் ஏற்றி, கசிகிறதா என்று பார்த்தோம். மருந்து ஏறியது. மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னபோது, விடலாம் என்று சொன்ன பிறகும் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். படம் நன்றாக வந்தது. உங்களை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, "சிஸ்டர், ஊசிய எடுத்துட்டு அடுத்த ஆள ஏத்துங்க" என்றேன்.

"அரை மணி நேரம் ஆவட்டும்" என்றார் சிஸ்டர். "உங்க மாமனாருன்னா ரூல் மாறிடுமா?"

அந்த ஊசி அப்படியே கையில் இருந்ததால்தான் பிழைத்தீர்கள்.

கழுத்தைச் சொறிந்தீர்கள். "இன்னா மாப்ள, உங்க பெட்டுல மூட்டப்பூச்சியா?" என்றீர்கள். குரல் கரகரவென்று இருந்தது. பக்கத்தில் வந்து பார்த்தேன். மார்பெல்லாம் தடிப்பு, உதடு வீங்க ஆரம்பித்திருந்தது. சிஸ்டர் அதற்குள் உங்களைப் படுக்க வைத்து ஆக்சிஜன் மாட்டிவிட்டார். ரேடியாலஜி டாக்டரம்மா பக்கத்து அறையிலிருந்து ஓடி வந்தார். தொடையில் ஒரு ஊசி, கையிலிருந்த குழாய் வழியாக இரண்டு. இந்த வேலையை நான் படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதியிருக்கிறேன். அன்று உங்கள் காலைப் பிடித்துக்கொண்டு நின்றதைத் தவிர வேறு ஒன்றும் செய்ததாக நினைவில்லை. கால் மணி நேரத்தில் மூச்சு சீரானது.

டாக்டரம்மா படிவத்தை எடுத்துப் பார்த்தார். "இவருக்கு முன்னாடி மருந்து ஏத்தியிருக்காங்களான்னு கேட்டியா?" என்று என்னிடம் கன்னடத்தில் கேட்டார்.

உங்களுக்குக் கன்னடம் நன்றாகத் தெரியும். நான் வாயைத் திறப்பதற்குள் மாஸ்கை நீங்களே விலக்கிவிட்டுச் சொன்னீர்கள்: "கேட்டாரு மேடம். நான்தான் இல்லன்னுட்டேன்."

என்னை நீங்கள் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்தபடி சொன்னீர்கள். நானும் ஒன்றும் சொல்லவில்லை. 'நோயாளி தகவலை மறைத்தார்' என்று டாக்டரம்மா எழுதினார்.

அன்று உங்களை வார்டில் வைத்திருந்தோம். கௌதமி வந்து நின்றதும் திட்ட ஆரம்பித்தாள். பெங்களூரில் செக்யூரிட்டி வேலை பார்த்தபோது கிட்னிக் கல்லுக்காக மருந்து ஏற்றிப் படம் எடுத்ததும், உடம்பெல்லாம் ஊதி இரண்டு நாள் படுத்துக் கிடந்ததும் அவளுக்குத் தெரியும். அப்போது அவள் காலேஜ். எனக்கு அந்த விஷயம் அந்த நிமிடம்தான் தெரிந்தது.

"அவரு கேட்டாருல்ல? வாயத் தொறந்து சொன்னா இன்னா உனக்கு? பொய்யி, எப்பப் பாத்தாலும் பொய்யி. செத்திருந்தா இவரு வேலையும் போயிருக்கும்."

"மறந்துட்டேம்மா" என்றீர்கள்.

"மறந்துட்டியா? ரெண்டு நாளு ஈரத்துணி போட்டது நானு. நான் மறக்கல, நீ மறந்துட்டியா?"

நீங்கள் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டீர்கள். நான் கட்டில் கால்மாட்டில் நின்றிருந்தேன்.

அந்த வாரக் கடைசியில் ஸ்கெலட்டன் லைன் குடியிருப்பில் உங்கள் வீட்டுக்குத் தனியாக வந்தேன். கட்டி ஒன்றுமில்லை, பழைய தழும்பு, ஆனால் நுரையீரல் முழுக்கச் சுரங்கத் தூசி என்று ரிப்போர்ட் வந்திருந்தது. அதைச் சொல்ல வந்ததாகச் சாக்கு. நீங்கள் டீ போட்டுக் கொடுத்தீர்கள். நான் நேராகக் கேட்டேன், "ஏன் மாமா அப்படிச் சொன்னீங்க? நான் அந்தக் கேள்வியக் கேக்கவே இல்லையே."

"தெரியும்."

"அப்புறம்?"

"ஒரே கேஜ்ல, ஒரே கூண்டுல எறங்கின ஆளுங்க மேல வந்து ஒருத்தன ஒருத்தன் காட்டிக் குடுக்கறதில்ல மாப்ள. கீழ எதுனா ஆச்சுன்னா என்கொயரி வைப்பாங்க. எல்லாரும் ஒரே பேச்சுதான். கல்லு தானா வுழுந்துச்சு சார். அவ்ளோதான்."

"நானும் நீங்களும் ஒரே கேஜா?"

"பொண்ணக் குடுத்துக்கீறேனே. வேற எப்டி?"

சிரித்தீர்கள். இருமல் வந்தது. அடங்கியதும், "நீங்க கேட்டிருந்தாகூட இல்லன்னுதான் சொல்லியிருப்பேன். வுடுங்க" என்றீர்கள். அது உண்மையா, எனக்காகச் சொன்னதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. நான் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

எனக்குச் சும்மா விடத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியுமே. "சரி, கல்லு எப்பவாச்சும் தானா விழாம இருந்திருக்கா?" என்று கேட்டேன்.

"ஒரு டிம்பர்காரன் இருந்தான். கூரைக்கு முட்டுக்கட்டைய அவசரமா வெப்பான். சரியா இறுக்க மாட்டான். ஒருத்தன் கை போச்சு. கல்லு தானா வுழுந்துச்சுன்னோம்."

"அந்த டிம்பர்காரன்?"

"அவனா? வேலக்கி வந்தான். வேற எடத்துல அதே மாதிரிதான் வெச்சான்."

"அங்க?"

டம்ளரை என் பக்கம் நகர்த்தினீர்கள். "டீ ஆறுது, குடிங்க மாப்ள."

நான் குடித்தேன். வாயைத் திறந்து ஏதாவது சொல்லியிருக்க வேண்டியது அப்போதுதான். ஆனால் உங்கள் 'கேட்டாரு மேடம்' எனக்கு வசதியாக இருந்தது. வேலை இருந்தது, பெயர் இருந்தது. அதற்குப் பிறகு ஒன்பது கேள்விகளையும் ஒழுங்காகக் கேட்க ஆரம்பித்தேன். அதுவே போதும் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் யாரிடமும் ஏன் என்று சொல்லவில்லை. என்னைப் பார்த்துக் கோடு போடக் கற்றுக்கொண்டவளிடமும் சொல்லவில்லை.

நீங்கள் அதற்குப் பிறகு எட்டு மாதம் இருந்தீர்கள். ஸ்கேன் மருந்து உங்களைக் கொல்லவில்லை. சளி பிடித்தது, நிமோனியா ஆனது, தூசி படிந்த நுரையீரல் தாங்கவில்லை. அந்த எட்டு மாதமும் கௌதமி உங்களை நம்பவில்லை. மாத்திரை போட்டேன் என்றால் அட்டையை வாங்கி எண்ணிப் பார்ப்பாள். "உன் வார்த்தைய நம்பித்தான் அன்னிக்கு உயிர் போவ இருந்துச்சு" என்பாள். கடைசி வாரம் ஆஸ்பத்திரியில், "வலிக்குதாப்பா?" என்று கேட்டாள். நீங்கள் இல்லை என்றீர்கள். "இவரு எப்ப உண்மை சொல்லியிருக்காரு" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்போதும் நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

இன்று மத்தியானம் டாக்டரம்மாவின் அறைக்குப் போனேன். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். "போன வருஷம் எங்க மாமனாருக்கு ரியாக்ஷன் ஆச்சில்ல மேடம். அவர் மறைக்கல. நான் கேக்கவே இல்ல. கோடு போட்டேன். ரம்யாவுக்கும் அதைத்தான் சொல்லிக் குடுத்திருக்கேன். இன்னிக்கும் ஒரு ஃபாரம் அப்படி வந்துச்சு."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"ஒரு வருஷம் கழிச்சு ஏன் வந்து சொல்ற?"

"இல்லன்னா அடுத்த ஆளுக்கும் இதேதான் ஆகும்."

பழைய ஃபைலை எடுத்துவரச் சொன்னார். 'நோயாளி தகவலை மறைத்தார்' என்ற வரிக்குக் கீழே, என் கையாலேயே எழுதச் சொன்னார். எழுதினேன்: 'ஐந்து முதல் ஒன்பது வரையிலான கேள்விகள் நோயாளியிடம் கேட்கப்படவில்லை.' தேதி போட்டு, கையெழுத்துப் போட்டேன். மெமோ வரும் என்றார். வரட்டும். இனிமேல் டிக் கிடையாது, ஒவ்வொரு கேள்விக்கும் நோயாளி சொன்ன வார்த்தையையே எழுத வேண்டும் என்று ரம்யாவையும் என்னையும் நிற்க வைத்துச் சொன்னார். ஒரு ஆளுக்கு ஆறு நிமிடம் கூடும். வரிசை வெளியே வாசல் வரைக்கும் போகும். எனக்கே எரிச்சல் வரும் என்று தெரியும்.

ஒரே கேஜில் இறங்கிய ஆளை, என்னையே, காட்டிக் கொடுத்துவிட்டேன் மாமா. உங்களுக்குப் பிடிக்காது. நீங்கள் செய்தது அன்பு என்று எனக்குத் தெரியும், அது தப்பும்கூட. உயிரோடு இருந்திருந்தால் இதையே உங்கள் முகத்துக்கு நேராகச் சொல்லியிருப்பேன் என்று எழுத ஆசைதான். எட்டு மாதம் உயிரோடுதான் இருந்தீர்கள். நான் சொல்லவில்லை.

டாக்டரம்மாவிடம் சொன்னது பாதிதான். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கௌதமியிடம் சொன்னேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். முதலிலிருந்து கடைசி வரை, கேஜ், டிம்பர்காரன் எல்லாவற்றையும் சொன்னேன். கத்தி நின்றது. பிறகு அவள் மெதுவாக எண்ணுகிற மாதிரி பேசினாள்.

"அப்போ அப்பா பொய் சொல்லல."

"சொன்னாரு. எனக்காக."

"எட்டு மாசம் நான் திட்டுனேன். நீ பாத்துகினு நின்னே."

"ஆமா."

அவள் அழவில்லை. வெங்காயத்தை ஓரமாகத் தள்ளி வைத்தாள். எழுந்து போய்க் கையைக் கழுவினாள். திரும்பி வரவில்லை, அங்கேயே நின்றபடி கேட்டாள்: "அவரு இல்லன்னுதான் சொல்லுவாருன்னு உனக்குத் தெரியுமில்ல? நான் வெளிய பெஞ்சுலதானே உக்காந்துகினு இருந்தேன். கதவத் தொறந்து என்ன ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல?"

எனக்கு அது ஒருநாளும் தோன்றவே இல்லை மாமா. படிவத்தில் அப்படி ஒரு கேள்வி இல்லை, ஆகவே எனக்கும் இல்லை. இந்த ஊரில் மறைக்கிறவர் உள்ளே படுத்திருக்கிறார். ஈரத்துணி போட்டவர் வெளியே உட்கார்ந்திருக்கிறார். நடுவில் இருக்கிற கதவை ஒரு நாளைக்கு முப்பது தடவை நான் திறந்து மூடுகிறேன்.

அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை. எத்தனை நாள் ஆகும் என்று தெரியாது, கேட்கவும் போவதில்லை. நாளைக்குக் காலை ஏழு மணிக்கே மருந்து ஏற்றுகிற ஸ்கேன் ஒன்று இருக்கிறது. ஒன்பது கேள்வியும் கேட்டு, அவர் சொன்னதைச் சொன்னபடி எழுதிக்கொள்வேன். பிறகு வெளியே வந்து, யார் பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, முதலிலிருந்து மறுபடியும் கேட்பேன்.